அத்தை பார்த்த கோல்கீப்பர்

அன்று ஞாயிற்றுக்கிழமை. அத்தை இன்றைக்கும் சனிக்கிழமை என்றுதான் சாதிக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் வேலை முடிந்து வந்து தலைக்குக் குளித்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். குளித்தது சனிக்கிழமையாக இருக்கலாம். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். சில வருஷங்களுக்கு முன் நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டியபோது, அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிய செய்தி திங்கட்கிழமைத் தாளில் ஏழே வரியில் கிடைத்தது. அப்பா இத்தனை காலம் சொல்லிவந்த கோல் கணக்கும் தப்பு என்று அப்போது தெரிந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. எப்படியும் நான் எழுத வந்த விஷயம் அந்த ஏழு வரிகளில் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்காகக் காத்திருந்த கோடை அது. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊரில் ஹாக்கிப் போட்டி நடக்கும். வடக்கேயிருந்தெல்லாம் அணிகள் வந்து இறங்கும். கோவில்பட்டியில் பிறந்த ஒருவர் தனக்கு நீச்சல் தெரியாது என்று தாராளமாகச் சொல்லலாம், நீந்துவதற்கு அங்கே தண்ணீர் கிடையாது. ஹாக்கி தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது. ஆனால் உண்மையில் எங்கள் வீட்டில் ஹாக்கி தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். மைதானத்துக்குத் தனியாகப் போவார், வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஆட்டத்தை விவரிப்பார். அந்த வகையில் பெனால்டி கார்னர், ஃபுல்பேக், டிஃபன்ஸ் போன்ற வார்த்தைகள் எனக்குச் சோற்றோடு சேர்ந்தே உள்ளே போயிருந்தன. ஒரு முழு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தீப்பெட்டி ஆபீசில், குச்சி அடுக்கி முடித்த மரச் சட்டங்களைச் சரிபார்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான குச்சிகளில் ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கோடையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் உபதேசியார் அவளுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குச் சாத்தான்குளம் பக்கம். ஹாக்கி ஆடியதால் சென்னையில் ஓர் அரசுத் துறையில் வேலை கிடைத்தவர். அந்தத் துறை அணியின் கோல்கீப்பர். போட்டிக்காக அணியோடு எங்கள் ஊருக்கே வந்திருந்தார். கோட்டும் டையும் போட்டு ஸ்டூடியோவில் எடுத்த ஒரு போட்டோ வீட்டுக்கு வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அத்தை அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தாள்.

உபதேசியாரிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"கோவம் வருமா அவியளுக்கு?"

"தங்கமான பையன்ம்மா. ஆபீசுக்கு ஒரு நாள் பிந்திப் போனது கிடையாது."

"கோவம் வருமான்னு கேட்டேன்."

"கோல்கீப்பரும்மா அவரு!" என்றார் உபதேசியார், அதுவே பதில் என்பதுபோல.

அத்தை ஏன் இதை மட்டும் கேட்டாள் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு. எனக்குப் பெரிய அத்தை. குளத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த மாமா உப்பளத்தில் மேஸ்திரி. உப்போடு புழங்குகிறவர், குழம்பில் உப்புக் குறைந்ததற்காகத் தட்டைச் சுவரில் எறிந்திருக்கிறார். தட்டு எப்போதும் சுவரில்தான் பட்டது என்றும் சொல்ல முடியாது. பெரிய அத்தை வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, லீவும் பண்டிகையும் இல்லாத நாளில், ஒரே ஒரு பையோடு வந்து இறங்குவாள். நான்கு நாள் கழித்து அப்பா அவளை விளாத்திகுளம் பஸ்ஸில் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். அவள் என்னோடு படுத்துக்கொள்வாள் என்பதால் அந்த வரவுகள் எனக்குப் பிடிக்கும். குளத்தூர் மாமாவையும் பெண் கேட்டு வந்தபோது தங்கமான பையன் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அணி திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் சென்னைக்குத் திரும்புகிறது. அன்று காலை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீடு ஏறி வந்து காபி குடித்துவிட்டுப் போன மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டு வீட்டுக்கும் தலைக்குனிவு. ஆகவே வரச் சொல்வதற்கு முன்பே முடிவு எடுத்தாக வேண்டும். பெண் பார்ப்பது என்பது எடுத்த முடிவுக்கு மேல் வைக்கிற பலகாரம்தான். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் அத்தை சரி என்றோ வேண்டாம் என்றோ அப்பாவிடம் சொல்ல வேண்டும். கையில் இருந்ததோ ஒரு கோட்டுப் போட்டோ.

ஞாயிறு மத்தியானம் அத்தை அப்பாவிடம் போய் நின்றாள்.

"பிள்ளைக்கு லீவுலாண்ணே. ஃபைனல் பாக்கணும்னு அழுதா. நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

நான் அழவில்லை. அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பா தங்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போ. ஆனா நீ எதுக்கு வந்திருக்கன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. மாப்பிள்ளையப் பாக்கப் பொண்ணு போச்சுன்னு ஊர் சிரிக்கும்."

அவரும் காலையில் ஆராதனைக்குக் கட்டிய அதே வெள்ளை வேட்டியோடு ஆண்கள் பக்கத்துக் கேலரிக்குப் போனார். ஆட்டம் ஞாயிறுதான் என்பதற்கு அந்த வேட்டியும் ஒரு சாட்சி.

பெண்களுக்கு வடக்குக் கோலுக்குப் பின்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் கோல். எங்கள் ஊர் அணிக்கு வெள்ளைச் சட்டை, சென்னை அணிக்கு நீலம். கோல்கீப்பர்கள் இரண்டு பேருக்கும் அணியோடு ஒட்டாத வேறு நிறச் சட்டை. அதோடு முகத்தை முழுதாக மூடிய ஹெல்மெட்.

"ஏட்டி, இதுல யாரு நம்ம... யாரு அந்த நீல அணி கோல்கீப்பரு?" என்று அத்தை என் காதில் கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் கோவில்பட்டிக்காரி. கொஞ்ச நேரம் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்தேன். நீலச் சட்டைக்காரர்கள் பந்தோடு திரும்பத் திரும்ப எங்கள் பக்கமே ஓடி வந்தார்கள். அவரவர் வீட்டுக்குத்தானே அவரவர் ஓடி வருவார்கள்.

"இந்தா, நமக்கு முன்னால நிக்காரே, இவருதான்" என்றேன்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

எங்களுக்கு முன்னால் நின்ற கோல்கீப்பர் ஆட்டம் தொடங்கிய நிமிஷத்திலிருந்து கத்தினார். பந்து மறுகோடியில் இருந்தபோதும் கத்தினார். "ஏல, ஆளைப் புடில! தூங்குதியா? வீட்ல போய்த் தூங்குல!" ஒரு பந்தைத் தடுத்துவிட்டு, தன் அணிக்காரனையே மட்டையை நீட்டி மிரட்டினார். இன்னொன்றைத் தடுத்துவிட்டுக் கோல்கம்பத்தை ஓர் உதை விட்டார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தார். அது கம்பி வலையில் வந்து மோதியபோது அத்தை தலையைச் சட்டென்று ஒதுக்கினாள். வலை இருந்ததால் எங்கள்மேல் ஒன்றும் படவில்லை. அவள் முகம் மட்டும் பட்டுவிட்டதுபோல இருந்தது.

அவர் பந்தைத் தடுக்கும்போதெல்லாம் மைதானமே கைதட்டியது. "வெளியூர்க்காரருக்கு எதுக்குட்டி இப்படித் தட்டுதாவ?" என்று அத்தை கேட்டாள். யார் நன்றாக ஆடினாலும் கைதட்டுவது எங்கள் ஊர்ப் பண்பு என்று விளக்கம் சொன்னேன். அவள் நம்பினாள்.

இடைவேளை விசில் அடித்ததும் அத்தை எழுந்துவிட்டாள்.

"போதும். வா, வீட்டுக்குப் போவோம்."

"இன்னும் பாதி இருக்கு அத்தை!"

"எனக்கு வேண்டியதப் பாத்தாச்சு."

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. பக்கத்து நாற்காலியில் மில்லில் வேலை பார்க்கிற ஓர் அக்கா, மடி நிறைய அவித்த கடலையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்பின் தெரியாதவள்.

"எங்க போறிய? இனிமதான் ஆட்டமே சூடு பிடிக்கும்" என்றாள்.

"இல்லக்கா. இந்தக் கோல்கீப்பர் போடுத சத்தம் தலைய வலிக்குது."

"அவனா? எங்க தெருப் பையன்தான். சின்னதுலயே அப்படித்தான் கத்துவான். அவங்கம்மா பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் கத்தித்தான் பதில் சொல்லுவான்."

"உங்க தெருவா?" அத்தை நின்றாள். "மெட்ராஸ் டீமுலா?"

"மெட்ராஸ் கோல்கீப்பர் அந்தக் கடைசில நிக்காரு. இப்ப பக்கம் மாறும், இங்கன வருவாரு. நம்மூர்க்காரன் அங்கன போயிருவான்." மில்லுக்கார அக்கா எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு?"

அத்தை என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் என்னை அப்படிப் பார்த்த சந்தர்ப்பங்கள் அதற்குப் பிறகும் உண்டு. ஆனால் முதல் தடவை அதுதான். நான் நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் மறுபடி உட்கார்ந்தபோது நாற்காலி கிரீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கம் மாறியது. சென்னைக் கோல்கீப்பர் எங்கள் கோலுக்கு வந்தார். ஒல்லியான ஆள். வந்ததும் கோல் வாசலில் கிடந்த சரளைக் கற்களைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு நின்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. கையை மட்டும் இப்படி அப்படி அசைத்துத் தன் ஆட்களை நிறுத்தினார்.

"இவருக்கு வாயே இல்ல போல" என்றேன்.

"தோக்காதவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் இருப்பாவ" என்றாள் அத்தை. "ஒரு கோல் விழட்டும். அப்பப் பாப்போம்."

அதைக் கேட்டு எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அத்தை கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம் சேர்ந்துவிட்டாள்! அதற்குள் மறுகோடியில் நீல அணி ஒரு கோல் போட்டுவிட்டது. மைதானம் துக்க வீடுபோல ஆயிற்று. எங்கள் அணி வெறிபிடித்ததுபோல எங்கள் பக்கம் பாய்ந்து பாய்ந்து வந்தது. அந்த ஒல்லி மனிதர் காலால் தடுத்தார், மட்டையால் தடுத்தார், ஒரு தடவை படுத்தபடியே நெஞ்சால் தடுத்தார். தடுக்கத் தடுக்க அத்தையின் தவிப்பு கூடியது. "போடுங்கல! ஒண்ணாவது போடுங்கல!" என்று வாய்விட்டே கத்தினாள். மில்லுக்கார அக்கா ஒரு கை கடலையை அள்ளி அவள் மடியில் போட்டு, "இப்பதான் நம்மூர்ப் பொண்ணு மாதிரி இருக்க" என்றாள்.

ஆட்டம் முடிய மூன்று நான்கு நிமிஷம் இருக்கும்போது எங்கள் அணி கோல் போட்டது. அத்தை அதைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவள் எக்கினாள், குனிந்தாள், இரண்டு சேலைகளுக்கு நடுவே தலையை நுழைத்தாள். எல்லாரும் உட்கார்ந்தபோது கோல்கீப்பர் ஹெல்மெட்டோடு பழைய இடத்தில் பழையபடி நின்றார்.

"என்னக்கா செஞ்சாரு?" என்று அத்தை பதறிக் கேட்டாள்.

"யாரு?"

"கோல்கீப்பரு."

"கோலை வுட்டாரு. வேற என்ன செய்வாரு?"

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை. கடைசியாகப் பெனால்டி ஸ்ட்ரோக். அணிக்கு ஐந்து அடி, குறிப்பிட்ட புள்ளியில் பந்தை வைத்து அடிக்க, கோல்கீப்பர் தனியாக நின்று தடுக்க வேண்டும். அடிக்கிற இடம் எங்களுக்கு முன்னாலிருந்த கோல்தான். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறினாள். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அப்பா சொன்னதெல்லாம் போயிற்று. மேற்குக் கேலரியிலிருந்து பார்த்தாலும் அவள் தெரிந்திருப்பாள். விழுந்துவிடாமல் இருக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு நான்கு அடித்து முடித்தபோது மூன்றுக்கு மூன்று. ஐந்தாவதாக வந்த நீலச் சட்டைக்காரர் அடித்ததை எங்கள் கத்துகிற கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டு, ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார். இனி எங்கள் அணிக்கு ஓர் அடி மிச்சம். அது கோலானால் கோப்பை எங்களுக்கு. வெள்ளைச் சட்டை கேப்டன் பந்தை வைத்தார். ஆயிரக்கணக்கான பேர் இருந்த இடத்தில் கடலைத் தோல் உடைகிற சத்தம் கேட்டது. விசில். அடி. ஒல்லி மனிதர் சரியான பக்கம்தான் விழுந்தார். பந்து அவர் கையுறையில் பட்டது. பட்டு எழும்பி, அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்து, சாவகாசமாக உருண்டு, கோட்டைத் தாண்டி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வது கஷ்டம். நாற்காலிகள் சரிந்தன. வெடி வெடித்தது. கேலரியிலிருந்து ஜனம் மைதானத்துக்குள் கொட்டியது. அப்பா யாரோ ஒருவரின் தோளில் ஏறி வேட்டி அவிழ நின்றதை நான் கண்ணால் கண்டேன். அவர் இன்றுவரை மறுக்கிறார். மில்லுக்கார அக்கா கடலை முழுவதையும் வாரி இறைத்தாள். நானும் குதித்தேன், ஒரு கையால் மட்டும். இன்னொரு கையை அத்தை விடவில்லை.

அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். தோற்ற கோல்கீப்பர் எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். போட்டோவில் இருந்த முடியில் பாதிதான் தலையில் இருந்தது. கால்கவசத்தின் வாரை அவிழ்க்கப் பார்த்தார். அது பக்கிளில் சிக்கிக்கொண்டிருந்தது. அவருடைய அணி மேனேஜர் ஓடி வந்து தலைக்கு மேலே நின்று, விரலை நீட்டி நீட்டித் திட்டினார். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டார், ஒரு தடவை தலையசைத்தார், பிறகு மறுபடி வாரிடம் திரும்பினார். ஓடிய பையன்களில் ஒருவன் அவர் கையை மிதித்துவிட்டுப் போனான். கையை உதறிக்கொண்டார். வார் வரவில்லை. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அவர் அதைப் பிய்க்கவில்லை, காலை உதறவில்லை. சப்பணமிட்டு உட்கார்ந்து, அத்தனை கூச்சலுக்கும் நடுவே, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தார். ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். அவிழ்ந்ததும் வாரைச் சுருட்டினார், ஹெல்மெட்டுக்குள் கையுறைகளை வைத்தார், எழுந்து போனார்.

அத்தை நாற்காலியிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் அப்படியே உட்கார்ந்து, "யப்பா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் எனக்கு ஒரு வாய்கூட வைக்காமல் குடித்தாள். அவளுடைய நான்கு விரலும் என் மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

எனக்கும் பெரிய நிம்மதி. ஊர் ஜெயித்துவிட்டது. அவர் தோற்றுவிட்டார், அதுவும் எல்லார் கண் முன்னாலும், பாதி வழுக்கையோடு. இனி அத்தை எங்கேயும் போக மாட்டாள். வீட்டுக்கு வந்த அப்பா தொண்டை கட்டிய குரலில், "பாவம், கடைசிப் பந்தை வுட்டுட்டாருலா... என்னம்மா சொல்லுத?" என்று கேட்டபோது, அத்தை, "நாளைக்கு வரச் சொல்லுங்கண்ணே" என்றாள். நேரில் வரவழைத்து வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். மறுநாள் அவர்கள் வந்தபோது, என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது அதற்காகத்தான் என்றும் எண்ணினேன். காபி வழக்கம் எனக்குத் தெரியாது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று ஐயர் எல்லார் முன்னிலும் படிப்பார். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். இரண்டு வாரம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அத்தை பெயரையும் அந்தக் கோல்கீப்பர் பெயரையும் சேர்த்து வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார்.

எனக்குத் தெரிந்த தடை ஒன்று இருந்தது. நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தொடையில் கிள்ளினாள். "அவரு தோத்துட்டாரும்மா" என்று நான் ரகசியமாகத்தான் சொன்னேன். அந்த அமைதியில் முன்னால் மூன்று பெஞ்சுக்குக் கேட்டது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த ஓலையை எடுத்தார்.

திரும்பி நடக்கும்போது அத்தை என்னைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னட்டி, என் கல்யாணத்துக்குத் தடை சொல்லப் பாத்தியா?"

"தோத்தவரைப் போயா கட்டிக்கிடுவ?"

"அவிய ஜெயிச்சிருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுட்டி" என்றாள்.

அவளை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. அத்தனை நேரம் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தும் ஆட்டம் விளங்கவில்லை. பெனால்டி ஸ்ட்ரோக் என்றால் என்ன, ஐந்து ஐந்தாக எப்படி எண்ணுவது, கடைசிப் பந்து கோட்டைத் தாண்டினால் எந்த அணி ஏன் தோற்றதாகும் என்று வீடு வரும்வரை நிதானமாக அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளும் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி, ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள்.